அசையாமல் நின்றால் பிரஷர் குறையுமா?



கொஞ்ச நாளாகக் குழுக் கூட்டங்களுக்குப் போனால், சேமிப்பு, உள்கடன் எல்லாம் பேசி முடித்ததும் ஒரு கேள்வி வருகிறது. "சுவத்துல சாஞ்சு நாற்காலி மாதிரி நின்னா பிரஷர் குறையுமாமே, செல்போன்ல வந்துச்சு. நெசமா மேடம்?" என்று கேட்கிறார்கள். இரண்டு மூன்று ஊர்களில் செய்துகூடக் காட்டினார்கள். பெரும்பாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். ஆகவே இந்த இதழில் இதையே பாடமாக எடுத்துக்கொள்வோம். படிக்கத் தெரிந்த ஒருவர் கூட்டத்தில் உரக்கப் படியுங்கள். மற்றவர்கள் நடுநடுவே நிறுத்தச் சொல்லிப் பேசுங்கள்.

நேரான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறைகிறது. செல்போனில் வருவது எல்லாம் பொய் இல்லை, இது ஆராய்ச்சி செய்து பார்த்த விஷயம். ஆனால் ஒரே நாளில் குறையாது. எல்லோருக்கும் ஒரே அளவு குறையாது. மூச்சை அடக்கிக்கொண்டு செய்தால் நல்லதுக்குப் பதிலாகக் கெடுதலே வரும். சிலர் இதைச் செய்யவே கூடாது. இந்த நான்கையும் செல்போன் படம் சொல்வதில்லை.

பிரஷர் என்பது என்ன?

ரத்தக் கொதிப்பு என்று நாம் சொன்னாலும் ரத்தம் ஒன்றும் கொதிப்பதில்லை. இதயம் ரத்தத்தைப் பிழிந்து அனுப்பும்போது அது ரத்தக் குழாயின் சுவரை அழுத்துகிறது. அந்த அழுத்தம்தான் பிரஷர். சீட்டில் இரண்டு எண் எழுதித் தருவார்கள். மேல் எண் இதயம் பிழியும் நேரத்து அழுத்தம், கீழ் எண் இதயம் தளரும் நேரத்து அழுத்தம். கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்துப் பாதரசம் எவ்வளவு உயர்கிறது என்று பார்க்கும் முறையை 1896-ல் இத்தாலி நாட்டு டாக்டர் ரிவா-ரோச்சி கொண்டுவந்தார். அதனால்தான் இன்றைக்குப் பேட்டரி மிஷினில் பார்த்தாலும் கணக்கு பாதரசக் கணக்குதான். நாம் சுருக்கமாகப் புள்ளி என்றே சொல்லிக்கொள்வோம்.

120-க்கு 80, அதற்குக் கீழே இருந்தால் நல்லது. வேறு வேறு நாளில் பார்த்தும் 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் ரத்த அழுத்தம், சிகிச்சை வேண்டும். இரண்டில் ஒரு எண் மட்டும் தாண்டியிருந்தாலும் கணக்குதான். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள்தான் வரப்பு மேல் நடப்பவர்கள். 128, 132, 136 என்று சீட்டில் இருக்கும். "நார்மல்தான் போங்க" என்று சொல்லிவிட்டால் சந்தோஷமாக வீட்டுக்கு வந்துவிடுகிறோம். இந்தப் பாடம் முக்கியமாக அவர்களுக்காகத்தான்.

"எனக்குத் தலை சுத்தல் இல்ல, மயக்கம் இல்ல, எனக்கு ஏன் பிரஷர் வரப்போகுது?" என்று பல அக்காமார்கள் கேட்கிறார்கள். பிரஷருக்குப் பெரும்பாலும் அறிகுறியே கிடையாது. வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் ஏறியிருக்கும். இதயம், மூளை, சிறுநீரகம், கண் என்று உள்ளே கெடுத்துக்கொண்டே இருக்கும். பக்கவாதம் வந்து விழுந்த அன்றைக்குத்தான் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் உயர் ரத்த அழுத்தம் இருந்தது. இருபது பேர் உள்ள ஒரு குழுவில் ஏழு பேர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த ஏழு பேர் யார் என்று உங்கள் குழுவுக்குத் தெரியுமா?

பெண்களுக்கு இன்னும் இரண்டு விஷயம் சேர்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு பிரஷர் ஏறும் வாய்ப்பு கூடுகிறது. பிள்ளை உண்டாகியிருந்தபோது பிரஷர் ஏறியிருந்தால், பிரசவத்துக்குப் பிறகு அது இறங்கிவிட்டாலும், பிற்காலத்தில் திரும்ப வர வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். "அது பிள்ளைப்பேறோட போச்சு" என்று விட்டுவிடாதீர்கள். அப்படிப்பட்டவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கவேண்டும்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

நடப்பது, ஓடுவது, சைக்கிள் மிதிப்பது எல்லாம் உடம்பு அசையும் பயிற்சி. இன்னொரு வகை உண்டு. உடம்பு அசையாது, ஆனால் தசை இறுகியே இருக்கும். கையை முஷ்டி பிடித்து இறுக்கி வைத்திருப்பது, சுவரில் சாய்ந்து பாதி உட்கார்ந்தபடி நிற்பது போன்றவை. இங்கிலீஷில் ஐசோமெட்ரிக் என்கிறார்கள். நாம் அசையாப் பயிற்சி என்போம். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாதவர்களைச் சில வாத்தியார்கள் இல்லாத நாற்காலியில் உட்காரச் சொல்வார்களே, அது தண்டனை. அதையே அளவோடு, இடைவெளி விட்டு, முதுகுக்குச் சுவரைத் துணை வைத்துச் செய்தால் பயிற்சி.

2023-ல் இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள் சிலர், பல நாடுகளில் அதுவரை நடந்திருந்த 270 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். அவற்றில் கலந்துகொண்டவர்கள் மொத்தம் 15,827 பேர். பயிற்சி செய்தவர்களையும் செய்யாதவர்களையும் ஒப்பிட்டு, எந்தப் பயிற்சிக்கு எவ்வளவு பிரஷர் குறைகிறது என்று பார்த்தார்கள். நடை, ஓட்டம் போன்ற பயிற்சிகளில் மேல் எண் சராசரியாக நாலரைப் புள்ளி குறைந்தது. எடை தூக்கும் பயிற்சியிலும் ஏறக்குறைய அதே அளவுதான். இரண்டையும் கலந்து செய்தவர்களுக்கு 6 புள்ளி. அசையாப் பயிற்சி செய்தவர்களுக்கு மேல் எண் 8 புள்ளிக்குச் சற்று அதிகமாகவும், கீழ் எண் 4 புள்ளியும் குறைந்தது. தனித்தனிப் பயிற்சியாகப் பார்த்தால் மேல் எண்ணைக் குறைப்பதில் சுவரில் சாய்ந்து நிற்பதுதான் முன்னால் வந்தது.

இதை அப்படியே எடுத்துக்கொண்டு ஆடவும் வேண்டாம். அசையாப் பயிற்சி பற்றி நடந்த ஆய்வுகள், நடை ஓட்டம் பற்றி நடந்தவற்றைவிட எண்ணிக்கையில் மிகவும் குறைவு. 8 புள்ளி என்பது சராசரி. ஏற்கெனவே பிரஷர் ஏறியிருந்தவர்களுக்கு அதிகம் குறைந்தது, நார்மலாக இருந்தவர்களுக்குக் குறைவாகத்தான் குறைந்தது. அது நியாயம்தானே? நிரம்பி வழியும் ஏரியில் மடை திறப்பதும் அளவாகத் தண்ணீர் நிற்கும் ஏரியில் மடை திறப்பதும் ஒன்றாகுமா?

"அப்போ நல்லா இருக்கிறவ எதுக்குச் செய்யணும்?" என்று கேட்பீர்கள். பிரஷர் திடீரென்று ஒரு நாள் வருவதில்லை. வயது ஏற ஏற 118, 124, 131 என்று படிப்படியாக ஏறித்தான் 140-ஐத் தொடும். நடுவிலேயே பிடித்து நிறுத்துவதற்குத்தான் பயிற்சி. சில புள்ளி குறைவதற்கு என்ன பெரிய மதிப்பு என்றும் தோன்றலாம். 2021-ல் வெளியான இன்னொரு பெரிய ஆய்வில் சுமார் 3 லட்சத்து 44 ஆயிரம் பேரின் விவரங்களைப் பார்த்தார்கள். மாத்திரையால் மேல் எண் 5 புள்ளி குறைந்தால், மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்தன. ஆரம்பத்தில் பிரஷர் அதிகமாக இல்லாதவர்களிடமும் இது தெரிந்தது. அது மாத்திரை பற்றிய ஆய்வு, பயிற்சி பற்றியது அல்ல. ஆனாலும் சில புள்ளிகள் என்பது சில்லறைக் காசு இல்லை என்று அதிலிருந்து தெரிகிறது.

அசையாமல் நின்றால் எப்படிக் குறையும்?

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது ரப்பர் குழாயைக் காலால் மிதித்துப் பாருங்கள். தண்ணீர் தடைப்படும். காலை எடுத்ததும் சர்ரென்று பாயும். தசையை இறுக்கி வைக்கும்போது அதற்குள் ஓடும் ரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன. விட்டதும் ரத்தம் வேகமாகப் பாய்கிறது. அப்படிப் பாயும்போது குழாயின் உட்பக்கச் சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற ஒரு பொருளைச் சுரக்கிறது. அது குழாயைத் தளர்த்தி விரித்துவிடும். வாரக்கணக்கில் இப்படி இறுக்கி இறுக்கி விட்டால் குழாய்கள் விறைப்புக் குறைந்து, ரத்தம் ஓட இடம் கொடுக்கப் பழகிக்கொள்கின்றன என்பது ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் விளக்கம். குழாய்களை இறுக்கச் சொல்லி மூளையிலிருந்து நரம்பு வழியாக வரும் கட்டளையும் கொஞ்சம் தணிவதாகச் சொல்கிறார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். இறுக்கி வைத்திருக்கும் அந்த நேரத்தில் பிரஷர் ஏறும், குறையாது. விட்ட பிறகுதான் இறங்கும். ஆகவே பயிற்சி செய்து முடித்த கையோடு மிஷினை மாட்டிப் பார்த்துவிட்டுப் பயப்படவேண்டாம்.

"நாள் முழுக்க உழைக்கிறேனே, அது போதாதா?"

இந்தக் கேள்வி வராத குழுவே இல்லை. "காலைல நாலு குடம் தண்ணி, அப்புறம் களையெடுப்பு, சாயங்காலம் மாட்டுக்குப் புல்லுக்கட்டு. எனக்கு எதுக்கு எக்சர்சைஸ்? அதெல்லாம் டவுன்ல உக்காந்திருக்கிறவங்களுக்கு" என்று ஒரு அக்கா என்னிடம் கோபமாகவே கேட்டார். அவர் கோபம் நியாயமானது. நம் பெண்கள் படும் பாட்டுக்கு யாரும் கூலி போடுவதுமில்லை, ஓய்வு கொடுப்பதுமில்லை.

ஆனால் உழைப்பும் பயிற்சியும் உடம்புக்கு ஒன்றல்ல. இடுப்பில் குடம் வைத்து நடக்கும்போதும் கையும் இடுப்பும் இறுகித்தான் இருக்கின்றன, ஒரு வகையில் அதுவும் அசையாப் பயிற்சிதான். ஆனால் எவ்வளவு பாரம் என்று அளவு இல்லை, எவ்வளவு நேரம் என்று கணக்கு இல்லை. ஒரே பக்கத்து இடுப்பு. குடத்தைத் தூக்கும்போது மூச்சை அடக்குகிறோம். வீட்டில் இறக்கியதும் அடுத்த குடத்துக்கு ஓடுகிறோம். நடுவில் உடம்பு தளர நேரமே இல்லை. மேலே சொன்ன வேலையில் பாதி தசையை விட்ட பிறகுதான் நடக்கிறது. விடும் நேரமே கிடைக்காவிட்டால் பாரம் மட்டும்தான் மிஞ்சும். ஆகவே உழைக்கிறவர்களுக்கு இந்தப் பயிற்சியில் முக்கியமான பகுதி இடையில் உட்காரும் இரண்டு நிமிடம். அதை யாரும் விட்டுவிடாதீர்கள்.

செய்யும் முறை

ஆய்வுகளில் பெரும்பாலும் கடைப்பிடித்த கணக்கு இது. இரண்டு நிமிடம் நிற்பது, பிறகு ஓய்வு. இப்படி நான்கு தடவை. வாரத்துக்கு மூன்று நாள். ஓய்வு ஒன்று முதல் நான்கு நிமிடம் வரை இருக்கலாம், நாம் இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். நிற்பது 8 நிமிடம், இடையில் மூன்று ஓய்வு 6 நிமிடம். ஆகமொத்தம் 14 நிமிடம். வாரத்துக்கு 42 நிமிடம். ஒரு சீரியல் பார்க்கும் நேரத்தைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். செலவு ஒரு பைசா இல்லை, ஒரு சுவர் போதும்.

எண்ணெய்ப் பிசுக்கில்லாத, வழுக்காத சுவராகப் பாருங்கள். தரை ஈரமாக இருக்கக்கூடாது. செருப்பில்லாமல் நிற்பது நல்லது. சேலையோடு செய்தால் கொசுவம் காலில் மாட்டாதபடி தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள், சுடிதாரோ நைட்டியோ இருந்தால் வசதி. முதல் சில நாள் பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். பின்பக்கம் ஒரு சின்ன முக்காலியைப் போட்டு வைத்தால் கால் தளர்ந்தாலும் அதில் உட்கார்ந்துவிடலாம்.

சுவரில் முதுகும் இடுப்பும் படும்படி நில்லுங்கள். பாதங்களைச் சுவரிலிருந்து ஏறக்குறைய இரண்டு அடி முன்னால் வையுங்கள். இரண்டு பாதத்துக்கும் நடுவே தோள் அகலம் இடைவெளி. முதுகைச் சுவரிலேயே தேய்த்துக்கொண்டு மெதுவாகக் கீழே இறங்குங்கள். முழங்கால் கட்டைவிரலைத் தாண்டி முன்னால் போகக்கூடாது. தாண்டினால் பாதத்தை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளி வையுங்கள். கையைத் தொடையில் ஊன்றாமல் பக்கத்தில் தொங்க விடுங்கள். தொடை தரைக்குப் படுக்கையாக வரும்வரை இறங்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. செல்போன் படத்தில் இருபது வயதுப் பிள்ளைகள் அப்படி நிற்பார்கள். நமக்குப் பாதி இறக்கம் போதும். எவ்வளவு இறங்குகிறோமோ அவ்வளவு கஷ்டம், அதுதான் இதில் உள்ள திருகு. பத்துக்கு எத்தனை கஷ்டம் என்று மனசுக்குள் மார்க் போடுங்கள். முதல் தடவை நான்கு மார்க்கு இருந்தால் கடைசித் தடவை ஏழு, எட்டு வரும். அது சரியான அளவு. முதல் தடவையே எட்டு என்றால் முதுகைத் தேய்த்து இரண்டு விரற்கடை மேலே ஏறிக்கொள்ளுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் எடுத்ததுமே இரண்டு நிமிடம் நிற்கவேண்டாம். முதல் வாரம் அரை நிமிடம், அடுத்த வாரம் ஒரு நிமிடம் என்று கூட்டிக்கொண்டு போகலாம்.

இப்போது மூச்சு. கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது. கஷ்டமான வேலை செய்யும்போது மூச்சை அடக்குவது நம் எல்லோருக்கும் பழக்கம். அசையாப் பயிற்சியில் மூச்சை அடக்கினால் பிரஷர் சட்டென்று மிக உயரத்துக்குப் போகும், விடும்போது சடாரென்று இறங்கி மயக்கமும் வரலாம். இதைத் தடுக்கச் சுலபமான வழி இருக்கிறது. வாய்விட்டு எண்ணுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று நிதானமாக 120 வரை. எண்ணுகிறவளால் மூச்சை அடக்க முடியாது. குழுவில் சேர்ந்து செய்தால் பேசிக்கொண்டே செய்யலாம், பேச்சுக்கு நம்மிடம் பஞ்சமா? பேச முடியாத அளவு மூச்சு வாங்கினால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். முடித்ததும் அப்படியே நின்றுவிடாமல் மெதுவாக நாலு அடி நடந்துவிட்டு உட்காருங்கள்.

தொடை நடுங்கும், எரியும். அது பரவாயில்லை. முழங்கால் மூட்டுக்குள் குத்தினால் நிறுத்திவிடுங்கள்.

முட்டி வலிக்காரர்களுக்கு

நாற்பது தாண்டிய உறுப்பினர்களில் முட்டி வலி இல்லாதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்கள் கைப்பிடிப் பயிற்சி செய்யலாம். இதுவும் ஆய்வுகளில் வந்த பயிற்சிதான். அங்கே அழுத்தத்தை அளந்து காட்டும் கருவி ஒன்றைப் பிடித்து, தன் முழுப் பலத்தில் நூற்றுக்கு முப்பது பங்கு இறுக்கி, இரண்டு நிமிடம் வைத்திருப்பார்கள். நான்கு தடவை, வாரம் மூன்று நாள், அதே கணக்குதான்.

அந்தக் கருவியை நாம் விலை கொடுத்து வாங்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கைக்கு அடக்கமான ரப்பர் பந்தோ, இறுக்கிச் சுருட்டிய பழைய துண்டோ போதும். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, முழுப் பலத்தோடு ஒரு தடவை பிடித்துப் பாருங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு பலத்தோடு பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்துணியைப் பாதி பிழியும் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். கருவி இல்லாமல் இதைச் சரியாக அளக்க முடியாது, அதனால் ஆய்வில் வந்த பலன் அப்படியே வரும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் முட்டியைக் கெடுத்துக்கொண்டு சுவரில் நிற்பதைவிட இது நல்லது.

யார் செய்யக்கூடாது?

இந்தப் பாடம் உடல்நலத்தோடு இருப்பவர்களுக்கும், வரப்பு மேல் நடப்பவர்களுக்கும் எழுதியது. கீழே சொல்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. நெஞ்சுவலி, இதய நோய், ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள். பிரஷர் 160, 180 என்று கட்டுக்குள் வராமல் இருப்பவர்கள். கர்ப்பிணிகள், பிரசவமாகிச் சில மாதங்களே ஆனவர்கள். சமீபத்தில் ஆபரேஷன் செய்தவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள். சர்க்கரையால் கண் திரையில் ரத்தக்கசிவு உள்ளவர்கள்.

கர்ப்பப்பை இறக்கம் உள்ளவர்களும் இதில் சேர்த்தி. இதை யாரும் கூட்டத்தில் எழுந்து சொல்லமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். கணவரிடம்கூடச் சொல்லாமல் வருஷக்கணக்கில் துணியை வைத்துச் சமாளித்துக்கொண்டு பாரம் தூக்குகிறவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். பிரஷருக்காக இல்லாவிட்டாலும் அதற்காகவாவது கிராம சுகாதார செவிலியரிடம் தனியாகப் பேசுங்கள். அதற்கு வைத்தியம் உண்டு. ஊக்குநர்கள், பயிற்சிக்கு வராத உறுப்பினரை "ஏன் வரல?" என்று எல்லோர் முன்னாலும் கேட்கவேண்டாம்.

பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் "சுவர்ப் பயிற்சி செய்றேன், இனிமே மாத்திரை எதுக்கு?" என்று நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் ஏறும், அதுவும் தெரியாமல் ஏறும். பயிற்சி செய்து பிரஷர் நன்றாகக் குறைந்தால் மாத்திரையைக் குறைப்பதா வேண்டாமா என்று டாக்டர் சொல்லட்டும். செய்யும்போது நெஞ்சு இறுக்கம், கண் இருட்டல், கடுமையான தலைவலி வந்தால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கொஞ்ச நேரம் படுத்தால் சரியாகிவிடும் என்று பார்க்காதீர்கள்.

நடையை விடவேண்டியதும் இல்லை. சர்க்கரைக்கும் எடைக்கும் மூச்சுக்கும் நடைதான் வேலை செய்யும், சுவர் செய்யாது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலசைவு வேண்டும் என்கிறது. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்கவேண்டும் என்றும் சொல்கிறது. ஊறுகாய், கருவாடு, அப்பளம் எல்லாம் அந்த ஒரு டீஸ்பூனுக்குள்தான் வரவேண்டும். கஞ்சிக்கு ஊறுகாயை நக்கிக்கொண்டு சுவரில் நிற்பதில் என்ன பயன்?

பிரஷரைச் சரியாகப் பார்ப்பது

பயிற்சியால் பலன் இருக்கிறதா என்று தெரிய, முன்னாலும் பின்னாலும் அளவு வேண்டும். அந்த அளவு சரியாக இருக்கவேண்டும். முகாமில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். வெயிலில் ஓடி வருகிறோம், டீ குடிக்கிறோம், வரிசையில் சண்டை போடுகிறோம், பட்டையைக் கட்டும்போதும் பக்கத்து அக்காவிடம் பேசிக்கொண்டே இருக்கிறோம். அப்புறம் 150 என்று வந்தால் அது நம் பிரஷரா, சண்டையின் பிரஷரா?

டீ, காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்கவேண்டும். ஒன்றுக்குப் போய்விட்டு வந்து உட்காருங்கள். முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, காலை மாற்றிப் போடாமல், ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். பட்டையை ஜாக்கெட் கைக்கு மேல் கட்டாமல் தோல் மேல் கட்டச் சொல்லுங்கள். கையை மேசையில் நெஞ்சு மட்டத்துக்கு வையுங்கள். பேசக்கூடாது. ஒன்றிரண்டு நிமிடம் விட்டு இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு எண்ணையும் கேட்டு எழுதி வாங்குங்கள். "நார்மல்" என்ற வார்த்தையோடு திரும்பி வராதீர்கள். பாஸ்புத்தகத்தில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்று பேங்க்காரர் சொன்னால் விடுவோமா?

இதற்கு நம் பெண்களே நமக்குத் துணையாக இருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியபோது, வீடு வீடாகப் போய்ப் பிரஷர், சர்க்கரை பார்க்கும் பெண் தன்னார்வலர்களை மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்துதான் எடுத்தார்கள். குழுவில் கணக்கு எழுதப் பழகிய கைகளே பிரஷர் மிஷினையும் பிடித்தன. உங்கள் ஊரில் அந்த வேலை செய்த உறுப்பினர் இருந்தால் கூட்டத்துக்கு அழைத்து, மேலே சொன்ன முறையில் எல்லோருக்கும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள்.

குழுவில் செய்வதற்கு

சேமிப்பு போலத்தான் இதுவும். ஆய்வுகளில் பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் செய்த பிறகுதான் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். நிறுத்திவிட்டால் சில வாரங்களில் பலன் கரைந்துவிடும். தனியாக வீட்டில் செய்ய நேரமும் மனசும் இருக்காது. மாமியார் என்ன நினைப்பாரோ, பிள்ளைகள் சிரிக்குமோ என்று இருக்கும். வாரக் கூட்டத்தில் வரவு செலவு எழுதி முடிக்கும்வரை மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் பதில் அந்த நேரத்தில் ஒரு நாள் பயிற்சியை முடிக்கலாம். மீதி இரண்டு நாளைக்குப் பக்கத்து வீட்டு உறுப்பினர்கள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்துகொள்ளுங்கள்.

ஒரு நோட்டில் உறுப்பினர் பெயருக்கு நேரே தொடக்கத்தில் எடுத்த இரண்டு எண்ணையும், தேதியையும் எழுதுங்கள். தன் எண்ணை மற்றவர்கள் பார்க்க விரும்பாதவர்கள் தன் அட்டையில் மட்டும் எழுதிக்கொள்ளட்டும், கட்டாயப்படுத்தவேண்டாம். நோட்டில் ஒவ்வொரு வாரமும் எத்தனை நாள் செய்தார் என்று கோடு போடுங்கள். 140-க்கு 90 தாண்டியவர்கள் பயிற்சிக்குக் காத்திருக்காமல் அந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகவேண்டும், துணைக்கு ஒரு உறுப்பினர் போகட்டும். மற்றவர்கள் எட்டாவது வாரம் அதே மிஷினில், முடிந்தால் அதே காலை நேரத்தில், திரும்பப் பார்த்து முதல் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு நோட்டைக் கொண்டுவாருங்கள்.